கொடுமுடி கோகிலம்



கே. பி. சுந்தராம்பாளை ‘கொடுமுடி கோகிலம்’ என்பார்கள். கோகிலம் என்றால் குயில். கொடுமுடி, ஈரோடு பக்கம் உள்ள ஊர். அங்கே 1908-ல் பிறந்தார். வீட்டில் வறுமை. சிறுமியாக ரயிலில் பாடிக் காசு வாங்கினார். தில்லி ரயிலிலும் இப்படிப் பாடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள்.

அந்தக் குரல் அவரை நாடக மேடையில் ஏற்றியது. இலங்கையிலும் நடித்தார். அந்தக் காலத்தில் மைக் ஏது? கடைசி ஆளுக்கும் கேட்கும்படி பாட வேண்டும். பாடினார்.

கூட நடித்த எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்தார். கிட்டப்பா 1933-ல் இறந்தார். சுந்தராம்பாளுக்கு வயது 25தான். வெள்ளைச் சேலை கட்டினார். புருஷனை இழந்தவள் மூலையில் உட்கார வேண்டும் என்ற காலம் அது. அவர் உட்காரவில்லை. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்தார். 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமே போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய்! அன்றைக்கு அது மலைக்க வைக்கும் தொகை.

1953-ல் ஔவையாராக நடித்தார். நாம் படித்தோமே ஆத்திசூடி, அதை எழுதிய ஔவைதான். 1958-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்கு 1969-ஆம் ஆண்டின் தேசிய விருது கிடைத்தது. 1980-ல் காலமானார்.

‘திருவிளையாடல்’ படத்திலும் ஔவையாராக வந்து பாடுவார். அந்தப் பாட்டை இப்போது போடுகிறேன், கேளுங்கள்.