பழைய மலாயாக் காசில் எவ்வளவு வெள்ளி?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

போன கூட்டத்தில் ஒரு அம்மா, பீரோவில் கிடந்த வெளிநாட்டுக் காசுகளைக் காட்டி, "சார், பேங்கில இருந்தவர்தானே, இது வெள்ளியா?" என்று கேட்டார். நகைக்கடன் பிரிவில் உரைகல் பிடித்தவர் மதிப்பீட்டாளர். நான் பேரேடு எழுதியவன். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுக் காசு சொல்லிக்கொடுத்ததுதான்.

தாத்தா பினாங்கிலிருந்து இரண்டு டாலர் காசு கொண்டுவந்தார். அங்கே நம் ஆட்கள் டாலரையே 'வெள்ளி' என்றுதான் சொல்வார்கள். பாட்டி அதை அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டார். சமபங்கு. சித்தி மட்டும், "அக்கா காசு கனம், என்னது லேசு" என்று புலம்பிக்கொண்டே இருப்பார். நாங்கள் சிரிப்போம்.

சமீபத்தில் சித்தி மகன் வந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். இரண்டும் ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலர்தான். பார்வைக்கு ஏறக்குறைய ஒரே அளவு. அம்மாவுடையது 1908, ஏழாம் எட்வர்ட் தலை. சித்தியுடையது 1920, ஐந்தாம் ஜார்ஜ். நகை நிறுக்கும் சின்ன மின்தராசில் ஒன்று 20.1 கிராம், மற்றது 16.8.

அடுத்து தண்ணீர். தராசில் பாதி டம்ளர் தண்ணீர் வைத்து பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க முக்குங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுக்க வேண்டும். அம்மா காசுக்கு 1.95, வகுத்தால் 10.3. சித்தி காசுக்கு 1.74, வகுத்தால் 9.66. சுத்த வெள்ளி 10.5, செம்பு 8.96, செம்பு-நிக்கல் கலவை 8.9.

வருஷத்தை வைத்துப் பார்த்தாலும் அதே பதில்தான். 1908 காசில் 90 சதவீதம் வெள்ளி, 1920இல் 50தான். முதல் உலகப் போரையொட்டி வெள்ளி விலை ஏறியதும் அரசாங்கங்கள் கலப்பைக் கூட்டின. இங்கிலாந்தும் 1920இல் 92.5ஐ 50 ஆக்கியது. நம் ரூபாய்க்கு அது 1940இல் வந்தது. ஆக அம்மா பங்கு 18 கிராம் வெள்ளி, சித்தி பங்கு எட்டரைகூட இல்லை.

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். 1947 ரூபாய் நிக்கல், ஒட்டும். செம்பு-நிக்கல் ஒட்டாது, வெள்ளியும் ஒட்டாது. கடை மெஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். முலாம் பூசியிருந்தால் ஏமாறும். புளி, விபூதி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள், சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்.

போன மாதம் உசிலம்பட்டி போய் சித்தியிடம் கணக்கைச் சொல்லி, அம்மா காசைக் கையில் வைத்தேன். எண்பத்தாறு வயது. உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கிப் பார்த்தவர், "இதுக்கு ஒரு தராசு வேணுமாக்கும்?" என்றார். காசை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு சங்க அறையில் தராசோடு இருப்பேன். காசு வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.