குழந்தைகளின் பேதியும் மருந்துக்கு மசியாத கிருமிகளும்

(உழவர் தின விழாவில் நிகழ்த்திய உரை)



பயிருக்கு யோசனை கேட்க வந்த இடத்தில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றி எதற்குப் பேச்சு என்று நினைப்பீர்கள். மாட்டுத் தொழுவத்துக்கும் கோழிப் பண்ணைக்கும் இதில் பங்கிருப்பதால்தான் பேசுகிறேன்.

பேதி கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும் சிறு குழந்தைகள் பலருக்கு ரோட்டா போன்ற வைரஸ்களே காரணம். வைரஸை எந்த ஆன்டிபயாடிக் மருந்தும் ஒன்றும் செய்யாது. மற்றவர்களுக்கு ஈ.கோலையின் சில வகைகள், ஷிகெல்லா, சால்மோனெல்லா, காம்பைலோபாக்டர், காலராக் கிருமி முதலிய பாக்டீரியாக்களால் வருகிறது. இவற்றிலும் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். மலத்தில் இரத்தம் கலந்து போகும் ஷிகெல்லா சீதபேதிக்கும் கடுமையான காலராவுக்குமே ஆன்டிபயாடிக் முக்கியமாகத் தேவை.

தொல்லையும் அங்கேதான். நம் நாட்டில் ஷிகெல்லாவுக்கு ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், நாலிடிக்சிக் அமிலம் என ஒவ்வொன்றாகப் பயனற்றுப் போயின. சிப்ரோஃப்ளாக்சசினும் இப்போது பல இடங்களில் கேட்பதில்லை.

உங்களுக்கு இது புதிதல்ல. 1987-ல் ஆந்திரத்துப் பருத்தியில் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்பத் தெளித்தும் காய்ப்புழு சாகவில்லை. தெளிப்பில் தப்பியவற்றின் சந்ததி பெருகிவிட்டது. ஆனால் புழு தன் எதிர்ப்புத் தன்மையைச் சந்ததிக்குத்தான் கொடுக்கும். கிருமியோ பக்கத்திலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். குடலிலுள்ள ஈ.கோலையிலிருந்து ஷிகெல்லாவுக்கு இப்படி மாறுவதை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1959-லேயே கண்டார்கள். குடல் மனிதனுடையதா, கோழியுடையதா என்று கிருமி பார்ப்பதில்லை.

கொலிஸ்டின் என்பது வேறெதுவும் கேட்காதபோது மருத்துவர் கையிலெடுக்கும் கடைசி மருந்து. அதையே கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்கெனக் கலந்து வந்தார்கள். அம்மருந்தை வெல்லும் தன்மை கிருமிக்குக் கிருமி தாவுவதை 2015-ல் சீனாவில் கண்டறிந்தனர். 2019-ல் நம் அரசு உணவுக்கான கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் அதைத் தடை செய்தது.

சரி, வீட்டில் குழந்தைக்குப் பேதி கண்டால் என்ன செய்வது? உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பே. 1971-ல் வங்க அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தே, நூற்றுக்கு முப்பது போல் இருந்த சாவை நான்குக்கும் கீழே கொண்டுவந்தார். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்த அளவு சுத்தமான நீரில் முழுவதுமாகக் கரையுங்கள். பொட்டலத்தில் பாதி, செம்பில் பாதி என்ற கைக்கணக்கு ஆகாது. தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து கெடுதலாகும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மருத்துவர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றாலும் 14 நாள் முடியக் கொடுங்கள். இரத்தம் கண்டாலும், குழந்தை குடிக்க முடியாமல் துவண்டாலும், கண் குழி விழுந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக் கடையில் கேட்டால் ஏதாவது மாத்திரை கிடைக்கும். அது அவர்கள் வியாபாரம்.

தொழுவத்திலும் இதே முறைதான். கன்றுக் கழிச்சலுக்கும் முதலில் நீர்தான். போன தடவை மிஞ்சிய மருந்தைப் போடாமல் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை, அவர் சொல்லும் நாட்கள் கழியும்வரை சொசைட்டிக்கும் ஊற்ற வேண்டாம், வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாம்.