பிஸ்கட் பேணிக்குள் இருந்த இரண்டு கீலங்கள்



எங்கள் வீடுகளில் ஒரு பழைய பிஸ்கட் பேணி கட்டாயம் இருக்கும். பிஸ்கட் முடிந்து முப்பது, நாற்பது வருடம் ஆகியிருக்கும். உள்ளே பிறப்புச் சான்றிதழ், ஏரோகிராம் கடிதங்கள், படங்கள். எங்கள் அம்மாவின் பேணி இப்போது மெல்பேர்ணில் அக்கா வீட்டில் இருக்கிறது. அம்மா 2011 இல் காலமானார். அதற்குப் பிறகும் அந்தப் பேணியை ஒழுங்காகத் திறந்து பார்க்க எங்களுக்கு மனம் வரவில்லை. இந்த வருடம் பேத்தியின் பாடசாலை ஒப்படை ஒன்றுக்குப் பழைய படம் தேவைப்பட்டதால்தான் திறந்தோம்.

உள்ளே அண்ணையின் படங்கள் இரண்டு கீலமாக இருந்தன. ஒன்று கறுப்பு வெள்ளை, அதில் மூன்று முகங்கள். மற்றது கலர், அதில் இரண்டு முகங்கள். இரண்டிலும் அதே கம்பளிச் சட்டை. "ஸ்ரூடியோவில ஒருக்கா எடுத்துப்போட்டு, கறுப்பு வெள்ளையில ஒரு கொப்பி, கலரில ஒரு கொப்பி வாங்கியிருப்பான்" என்றா அக்கா. நானும் தலையாட்டினேன். நேயர்களே, இரண்டு பேரும் பிழை.

அவை ஸ்ரூடியோப் படங்கள் அல்ல. ரயில் நிலையங்களில் நிற்குமே, திரைச்சீலை போட்ட பெட்டி, உள்ளே சுழற்றி உயர்த்தும் வட்ட இருக்கை, அந்தப் போட்டோ பூத்தில் எடுத்தவை. இதை எனக்குக் காட்டித் தந்தது பேத்தி. இங்கே பிளிண்டர்ஸ் வீதி ரயில் நிலையத்தில் பழைய இரசாயன போட்டோ பூத் ஒன்று உண்டு. அலன் அட்லர் என்ற மனிதர் ஏறக்குறைய ஐம்பது வருடம் அதைப் பராமரித்தார். 2018 இல் அதை அகற்றப் போகிறார்கள் என்றதும் நகரத்துச் சனம் சத்தம் போட்டு, நிலையத்திலேயே தொடர்ந்து இருக்க வழி செய்தது. அவர் 2024 இல் காலமானார். பேத்தியும் நானும் அங்கே போய் ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். நாலு தரம் வெளிச்சம் அடித்தது. சில நிமிடம் வெளியே காத்து நிற்க, ஈரம் காயாத கீலம் ஒன்று வந்து விழுந்தது. "இன்னொரு கொப்பி எடுப்பம் அப்பப்பா" என்றாள். எடுக்க முடியாது. அங்கேதான் எனக்கு உறைத்தது.

ஸ்ரூடியோக்காரரிடம் நெகட்டிவ் இருக்கும். ஒரு முகத்தை நூறு தரம் அச்சடிக்கலாம். பழைய பூத்தில் நெகட்டிவ் என்ற பேச்சே இல்லை. கடதாசியிலேயே நேராக வெளிச்சம் விழும். பிறகு இயந்திரத்தின் கை அந்தக் கடதாசியைத் தூக்கி, வரிசையாக உள்ள சிறு தொட்டிகளில் ஒவ்வொன்றாக முக்கி எடுக்கும். வெளியே வரும் கீலம் உலகத்தில் அது ஒன்றுதான். நாலு முகமும் சில விநாடி இடைவெளியில் எடுத்த நாலு வேறு முகங்கள். ஒன்றில் கண் மூடியிருக்கும், ஒன்றில் தலை சரிந்திருக்கும். நாலும் அச்சொட்டாக ஒன்றாயிருந்தால் அது ஸ்ரூடியோ, அல்லது இந்தக் காலத்து டிஜிட்டல் பெட்டி.

இந்த இயந்திரத்தின் கதையும் ஒரு புலம்பெயர்ந்தவரின் கதைதான். சைபீரியாவில் பிறந்து, பேர்ளின், ஷங்காய் என்று அலைந்து அமெரிக்கா போன அனட்டோல் ஜோசஃபோ என்பவர், 1925 இல் நியூயோர்க் பிரோட்வேயில் "போட்டோமட்டோன்" என்ற பெயரில் கடை திறந்தார். 25 சதத்துக்கு எட்டுப் படம், எட்டு நிமிடத்தில். 1927 இல் பத்து இலட்சம் டொலருக்கு உரிமையை விற்றார். பிரான்சில் உள்ள எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அந்தப் பெட்டியை "போட்டோமட்டோன்" என்றுதான் சொல்வார்கள், அவர் பெயர் தெரியாமலே.

ஆகவே ஒரு கீலத்தில் எட்டு முகம் இருந்தால் அது அந்த முதல் தலைமுறை இயந்திரம் என்று நினைக்க இடமுண்டு. ஒரே ஒரு படம், அதுவும் தகரச் சட்டத்தோடு வெளியே வந்திருந்தால் அது "போட்டோமட்டிக்", 1930களிலும் 40களிலும் அமெரிக்காவில் ஓடியது. எங்கள் பேணிகளில் அது இருக்க வாய்ப்பில்லை. எங்களிடம் இருப்பது பெரும்பாலும் நாலு முகக் கீலம், அகலம் நாலு சென்ரிமீற்றர், நீளம் இருபது. கலிபோர்னியாவில் ஓட்டோ-போட்டோ என்ற நிறுவனம் செய்த இயந்திரங்களின் வம்சம் இது. அவற்றில் 11ஆம் மாதிரி மூலைகள் வளைந்த, அழகான பெட்டி. அதற்குப் பின் வந்த 14, 17 ஆகியவை சதுரமாகி, அலுமாரி மாதிரி ஆகிவிட்டன. பிரித்தானியாவில் இந்த வம்சத்துப் பெட்டிகள் போட்டோ-மீ என்ற பெயரோடு நின்றன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாதிரி இலக்கத்தைப் பெட்டியைப் பார்த்துத்தான் சொல்லலாம். வளைவு, கண்ணாடி, காசு போடும் துவாரம், உள்ளே அடித்த உலோகத் தகடு, இவைதான் சாட்சி. எங்கள் கையில் இருப்பதோ தலைக்குப் பின்னால் தெரியும் ஒரு சாண் சீலை. கீலத்தை மட்டும் பார்த்து "இது 14 தான்" என்று அடித்துச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். சீலையும் ஏமாற்றும். சில பெட்டிகளில் இரண்டு மூன்று நிறச் சீலை தொங்கும், விரும்பியதை இழுத்துவிடலாம். கறுப்பு வெள்ளையா கலரா என்பதுதான் உறுதியான அடையாளம். இரண்டுக்கும் இரசாயனம் வேறு. அந்தக் காலத்துப் பெட்டி ஒன்று பொதுவாக இரண்டில் ஒன்றைத்தான் தரும்.

இப்போது அண்ணையின் கீலங்களுக்கு வருவோம். கொப்பி எடுக்க முடியாது என்றால் அவை இரண்டு தரம் இருந்து எடுத்தவை. ஒன்று கறுப்பு வெள்ளை, மற்றது கலர் என்றால் இரண்டு பெட்டிகள். கறுப்பு வெள்ளையில் மேல் விளிம்பு கத்தரிக்கோலால் கோணலாக வெட்டியது, கீழ் விளிம்பு இயந்திரம் வெட்டிய நேர்க்கோடு. ஒரு முகம் போய்விட்டது. மிஞ்சிய மூன்றில் ஒன்றில் கண் மூடியிருக்கிறார், ஒன்றில் பக்கத்தில் பார்க்கிறார், ஒன்றில் சிரிக்கிறார். ஒழுங்கான முகத்தை வெட்டி எங்கோ கொடுத்துவிட்டு, மிச்சத்தை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறார். கலர்க் கீலத்திலும் இரண்டு முகம் வெட்டப்பட்டுவிட்டது. மிஞ்சிய இரண்டிலும் அண்ணை நேரே பார்க்கிறார். வெளிச்சம் எப்போது அடிக்கும் என்று தெரிந்தவரின் முகம்.

முகத்தை வெட்டி எங்கே கொடுப்போம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1985 இல் எங்கள் பொடியள் பலர் கிழக்கு பேர்ளினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலில் மேற்குப் பக்கம் போனது நேயர்களில் பலருக்கு அனுபவம். அண்ணையும் அப்படிப் போனவர். பிறகு பாரிஸ். "ஒரே ஒரு விண்ணப்பம், உடனே ஏற்றுக்கொண்டினம்" என்பதுதான் எங்கள் வீட்டுக் கதை. பின்னாளில் எனது முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டபோது, "அண்ணனைப் பார், முதல் தரமே எடுத்தவன்" என்று அம்மா கடிதம் எழுதினா. அவ நோகடிக்க எழுதவில்லை. ஆனால் அந்த வரியை நான் இத்தனை வருடம் சுமந்தேன்.

அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். "அண்ணை, நீங்கள் ரண்டு தரம் குடுத்தனீங்களோ?"

"ஆர் சொன்னது?"

"உங்கட படம் சொன்னது."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார். "முதல் படம் பேர்ளினில எடுத்தது. அங்க மறுத்துப்போட்டாங்கள். பிறகு பாரிசில திரும்பவும் எடுத்துக் குடுத்தனான். அம்மா ஏங்கிப்போவா எண்டு எழுதேல்லை."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே?"

"உனக்கு மறுத்த நேரம் சொல்லத்தான் ரெலிபோன் எடுத்தனான். நீ அழுதாய். எனக்கு வாய் வரேல்லையடா."

நான் என்ன சொல்ல? சட்டையைப் பற்றிக் கேட்டேன். "அது பச்சை. குளிருக்கு எண்டு ஆரோ தந்தது. வேற சட்டை இருக்கேல்லை" என்றார்.

நேயர்களே, உங்கள் பேணிகளில் இப்படிக் கீலம் இருந்தால் தயவுசெய்து இனி வெட்டாதீர்கள். படத்தின் பின்புறம் பேனையால் எழுதாதீர்கள், ஒரு கடித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள். எந்த ஓரம் கத்தரிக்கோல், எந்த ஓரம் இயந்திரம் என்று பாருங்கள். படத்தில் இருப்பவர் உயிரோடு இருந்தால் இந்தக் கிழமையே கேளுங்கள்.

அக்கா இப்போது இரண்டு கீலத்தையும் இரண்டு உறையில் போட்டிருக்கிறா. ஒன்றில் பேர்ளின் 1985, மற்றதில் பாரிஸ் 1986 என்று அண்ணை சொல்லச் சொல்ல எழுதினா. பேத்தி தனது ஒப்படைக்குக் கேட்டது கண் மூடியிருக்கும் படத்தைத்தான்.