தோடர் வீட்டுப் போர்வை



மலேசியாவில் நம்ம சிம்பாங் ரெங்கத்தில் கோயில் திருவிழா என்றாலும் சரி, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி என்றாலும் சரி, மேடையில் பொன்னாடை இல்லாமல் காரியம் நடக்காது. வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பார். அடுத்த நிகழ்ச்சியில் அதே துணி வேறொருவர் தோளில் ஏறும். பெரியவர்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. உங்களுக்குத் தெரியாத கதையா? இன்று நான் சொல்ல வந்தது, அப்படிக் கைமாற்றிவிட மனசு வராத ஒரு போர்வையைப் பற்றி.

நீலகிரி மலையில் எருமை வளர்த்து வாழ்கிறவர்கள் தோடர்கள். 2011 கணக்கெடுப்பில் அவர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர். அவர்கள் வாழும் சிற்றூருக்கு மந்து என்று பெயர். ஆணும் பெண்ணும் குளிருக்குச் சுற்றிக்கொள்ளும் வெள்ளைப் போர்வைதான் பூத்துக்குளி. அதில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை இருக்கும். தோடர்கள் தறி போடுவதில்லை. முரட்டுப் பருத்தித் துணியை வெளியிலிருந்து வாங்குகிறார்கள். அதற்கு மேல் நடப்பதெல்லாம் பெண்கள் கைவேலை.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். துணியில் பென்சிலால் கோடு போடுவதில்லை. சட்டத்தில் மாட்டி இழுத்துக் கட்டுவதும் இல்லை. மடியில் போட்டுக்கொண்டு, ஊடையும் பாவும் இழை இழையாக எண்ணி ஊசியை ஓட்டுகிறார்கள். ஓர் இழை தப்பினால் போதும், அடுத்த வரிசை கோணிக்கொள்ளும். நூலை ஒரேயடியாக இறுக்காமல், சின்னச் சின்ன வளையமாக விட்டுக்கொண்டே போவார்கள். அதனால் ஒரு பக்கம் தடவினால் சொரசொரவென்று இருக்கும். நம் கைக்கு வந்தால் ‘இது உள்பக்கம்’ என்று திருப்பிப் போட்டுவிடுவோம். தோடர்களுக்கு அந்தச் சொரசொரப்புதான் வெளிப்பக்கம்!

எருமைக் கொம்பு, சூரியன், நிலா, பாம்பு, முயல் காது என்று அவர்கள் கண்ணெதிரே இருப்பதெல்லாம் கோலமாக வந்து உட்காரும். ஒரு போர்வை முடிய வாரக்கணக்கில் ஆகும், வேலை அடர்த்தியாக இருந்தால் மாதக்கணக்கும் ஆகும். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், உடலைப் பூத்துக்குளியில் சுற்றித்தான் வழியனுப்புகிறார்கள். அந்தப் போர்வை அப்புறம் யார் தோளுக்கும் திரும்பி வராது.

இந்தப் பூவேலையைப் படிக்கப் புத்தகம் கிடையாது. பாட்டி தைப்பதைப் பார்த்துப் பார்த்து, பேத்தி கைக்கு எண்ணிக்கை வர வேண்டும். இப்படி வீட்டிலேயே கைவேலை கற்பதைப் பேசும்போது எனக்குக் கனடா பக்கத்து ஹைடா இனத்து டெலோரஸ் சர்ச்சில் அம்மையார் ஞாபகம் வருகிறார். 1929இல் ஹைடா குவாய் தீவுகளின் மாசெட் ஊரில் பிறந்தவர். மர வேரிலும் பட்டையிலும் கூடை, தொப்பி பின்னுவதில் பேர்போனவர். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் பெற்ற தாய், செலினா பெராட்ரோவிச். முதல் ஐந்து வருஷம் மகள் பின்னியதையெல்லாம் நெருப்பில் போடச் சொன்னாராம் அந்த அம்மா. ‘என்னிடம் கற்றேன் என்று நாளைக்கு ஊரில் சொல்லுவாய், அப்போது உன் கூடை என் பேரைக் கெடுக்கக் கூடாது’ என்பது அவர் கட்சி. எரித்த கை சும்மா போகவில்லை. 2006இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலை விருது டெலோரஸுக்குக் கிடைத்தது. என்னைக் கேட்டால், ஐந்து வருஷம் கொஞ்சம் அதிகம்தான். நம் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாம் நாளே எழுந்து போயிருப்பார்கள்.

மறுபடி நீலகிரிக்கு வருவோம். தோடர் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சொல்லி வேறு யாரும் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அதே சிவப்பு கறுப்புக் கோலத்தை இயந்திரத்தில் தைத்தும், துணியில் அச்சடித்தும் ‘தோடர் சால்வை’ என்று விற்கிறார்கள். விலையோ பல மடங்கு குறைவு. மாதக்கணக்கில் இழை எண்ணும் பாட்டி அந்த விலையோடு எப்படிப் போட்டி போடுவார்? சான்றிதழ் கடைத்தெருவுக்கு வந்து காவல் நிற்காது. வாங்குகிற நாம்தான் துணியைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அச்சடித்ததில் மறுபக்கம் வெறும் சாயக் கசிவு. இயந்திரத் தையலில் அடிநூல் கண்டபடி ஓடியிருக்கும், சிலதில் காகிதம்போல ஒன்று ஒட்டியிருக்கும். கைவேலையில் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும், ஒரு பக்கத்தில் அந்தச் சின்ன வளையங்கள் விரலில் தட்டும்.

பழனி, மதுரை என்று கிளம்பும் நம்மூர்ப் பயணக் குழுக்கள் ஊட்டியை விடுவதில்லை. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போனால் பூவோடு நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பூங்காவின் மேட்டுப் பக்கம் ஒரு தோடர் மந்து இருக்கிறது. கொஞ்சம் மூச்சு வாங்கும், பரவாயில்லை, ஏறிப் போங்கள். அங்கே சால்வை விற்பனைக்கு இருந்தால், ‘எவ்வளவு குறைப்பீர்கள்’ என்று ஆரம்பிக்கும் முன், ‘தைக்க எத்தனை நாள் ஆச்சு பாட்டி’ என்று கேளுங்கள். பேரம் அப்புறம் பேசலாம், மனசு வந்தால்.