மாத்திரையும் மறதியும்

வெளி மாநிலங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்குவதுண்டு. டில்லிக் குளிரில் மூக்கு ஒழுகத் தொடங்கியதும் ஜலதோஷ மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். நாலைந்து நாட்களில் பெரியவர் கிழமையை மறக்கிறார். மாலையில் காப்பி குடித்தோமா என்று கேட்கிறார். உடனே, “வயதாகிவிட்டது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். அதற்கு முன் மருந்துப் பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம்.

ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் என்னும் மருந்து கலந்திருக்கிறது. மூளையின் நரம்புகளிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்களுள் ஒன்று அசிட்டைல்கோலின். கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் அது இன்றியமையாதது. அதன் வேலையை இம்மருந்து தடுக்கிறது. முதியவர் உடலிலிருந்து மருந்து வெளியேறவும் தாமதமாகும். மறதியோடு வாய் உலர்தலும் மலச்சிக்கலும் புதிதாகச் சேர்ந்துகொண்டால் சந்தேகம் வலுக்க வேண்டும். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவையும் இதே இனத்தவை. மூன்று வைத்தியர்கள் தனித்தனியே எழுதியவை ஒரே உடலில் சேரும்போது தீங்கு பெருகுகிறது. முதியோருக்குத் தகாத மருந்துகளின் பட்டியலொன்றை அமெரிக்காவில் மார்க் பீர்ஸ் என்னும் வைத்தியர் 1991இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். பலமுறை திருத்தப்பெற்ற அப்பட்டியலில் இவ்வினத்து மருந்துகள் பல இடம் பெற்றுள்ளன.

அல்பிரசோலம், டயஜிபாம் முதலிய மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். புதிய செய்தி மனத்தில் பதிவதையோ மங்கச் செய்யும். 2014 முதல் இவற்றின் விற்பனையை மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம்; வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். நீரிழிவுக்கு மெட்பார்மின் பல்லாண்டு உண்பவருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறைவாலும் மறதி வரும். இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இங்கு ஒன்று கூறலாம். “மண்டைக்குள் பனி மூடினாற் போலிருக்கிறது” என்கிறார் அம்மா. அதைத் “தலைவலி” என்று இந்தியில் சுருக்கிச் சொல்கிறான் மகன். வைத்தியரும் வலி மாத்திரை ஒன்றைக் கூட்டி எழுதுகிறார்! அம்மா சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். எந்த மாத்திரை எந்தத் தேதியில் தொடங்கியது, மறதி எப்போது தென்பட்டது என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். கடையில் சீட்டின்றி வாங்கிய இருமல் மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையிலிட்டு வைத்தியரின் மேசைமீது வைத்துவிட்டால் பாதிப் பேச்சு மிச்சம்.