இரண்டு கெட்டிக்காரர்கள்

(வானொலி மறையுரை)



சென்ற ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுவன் கைப்பேசியில் ஒரு சித்திரக்கதையைக் காட்டினான். கூரிய முகமும் அகன்ற தொப்பியும் கொண்ட இரண்டு உளவாளிகள். ஒருவருக்குக் கறுப்பு உடை, மற்றவருக்கு வெள்ளை உடை. வேறு வேறுபாடே இல்லை. ஒருவர் பொறி வைப்பார். மற்றவர் அதை முன்பே அறிந்து, வைத்தவரையே அதில் சிக்க வைப்பார். இன்று இவர் வென்றால் நாளை அவர். கதையில் ஒரு வசனம்கூடக் கிடையாது. "இதுல யாரு தம்பி நல்லவன்?" என்று கேட்டேன். "ரெண்டு பேருமே கேடிங்கதான் ஃபாதர்" என்று சிரித்தான்.

'ஸ்பை வெர்சஸ் ஸ்பை' என்ற இந்தக் கதையைப் படைத்தவர் கியூபா நாட்டுக் கேலிச்சித்திரக்காரர் அந்தோனியோ புரோஹியாஸ். காஸ்ட்ரோவைக் கேலி செய்து வரைந்ததால் அவர்மீதே உளவாளி என்ற பழி விழுந்தது. 1960இல் தாயகத்தை விட்டு நியூயார்க் சென்றார். ஆங்கிலம் தெரியாததால் மகளை மொழிபெயர்க்க அழைத்துக்கொண்டு 'மேட்' இதழின் அலுவலகத்துக்குப் போனார். 1961 ஜனவரி இதழில் உளவாளிகள் இருவரும் முதன்முதலாகத் தோன்றினார்கள். உளவாளி என்று தூற்றப்பட்டவர், உளவாளிகளை வைத்தே உலகைச் சிரிக்க வைத்தார்.

நானும் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன்: இதைப் பார்த்து நம்மால் ஏன் சிரிக்க முடிகிறது? வெடித்துச் சிதறியவர் அடுத்த இதழில் முழுசாக எழுந்து வந்துவிடுகிறார். யாருக்கும் வலி இல்லை. நம் வாழ்க்கையில் அப்படியா?

தொடக்கநூலில் இதே போன்ற இருவர் உண்டு: யாக்கோபும் அவருடைய தாய்மாமன் லாபானும். பார்வை மங்கிய தந்தை ஈசாக்கின் முன் அண்ணனின் உடையை அணிந்து, கைகளில் ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு போய், ஏசாவுக்குரிய ஆசியைப் பெற்றுக்கொண்டவர் யாக்கோபு. அப்படிப்பட்டவர் மாமன் வீட்டுக்கு ஓடிப்போனால், அங்கே மாமன் அவரைவிடக் கெட்டிக்காரர். ராகேலுக்காக ஏழு ஆண்டுகள் உழைத்தவருக்கு, திருமண இரவில் மூத்தவள் லேயாவை அனுப்பிவிட்டார். காரணம் கேட்டால், மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்கிறார். மூத்தவனுக்குரியதைத் தட்டிப் பறித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பதில் உண்டா?

ஆட்டம் அதோடு நிற்கவில்லை. புள்ளியும் வரியும் உள்ள ஆடுகள் யாக்கோபுக்குக் கூலி என்று பேச்சு. அன்றைக்கே லாபான் அந்த ஆடுகளைப் பிரித்து, மூன்று நாள் பயணத் தொலைவுக்கு அனுப்பிவிடுகிறார். யாக்கோபும் விடவில்லை, மரக்கொப்புகளின் பட்டையை உரித்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத் தன் மந்தையைப் பெருக்கிக்கொள்கிறார். இப்படியே 20 ஆண்டுகள். கடைசியில் மாமன் ஆட்டு மயிர் கத்தரிக்கப் போன நேரம் பார்த்து மருமகன் குடும்பத்தோடு தப்பி ஓடுகிறார். இதில் வென்றது யார் என்று கேட்காதீர்கள். தோற்றது யார் என்று கேளுங்கள். கணவனின் அன்புக்கு ஏங்கியே வாழ்ந்த லேயா. குழந்தைக்காக அழுத ராகேல். அப்பா எங்களை விற்றுவிட்டார் என்று இருவரும் மனம் கசந்து பேசும் இடமும் அங்கே வருகிறது. கெட்டிக்காரர்கள் மோதினால் அடி விழுவது நடுவில் நிற்பவர்கள்மேல்.

அன்புக்குரியவர்களே, இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. அப்பா இறந்தபின் வீட்டுப் பத்திரம் பற்றி அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு வந்தது. பத்திரம் என் பெட்டியில் இருந்தது. அண்ணன் கேட்கும்போதெல்லாம் "தேடிப் பாக்குறேண்ணே" என்பேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்ள, குருமடத்தில் படித்த தர்க்கம் கைகொடுத்தது. அண்ணனும் சளைத்தவர் அல்ல. அம்மா அவரோடு இருந்தார். நான் வருகிறேன் என்றால் அன்றைக்கு அம்மா அத்தை வீட்டுக்குப் போயிருப்பார். இப்படி மூன்று ஆண்டுகள். இரு பிள்ளைகளையும் ஒன்றாகப் பார்க்காமல் அம்மா மூன்று கிறிஸ்து பிறப்பு விழாக்களைக் கழித்தார்.

யாக்கோபின் கதை எப்படி மாறுகிறது? துரத்தி வந்த லாபானும் அவரும் ஒரு கற்குவியலை எழுப்பி, இதைத் தாண்டி ஒருவருக்கொருவர் தீங்கு செய்வதில்லை என்று ஆணையிட்டு, சேர்ந்து உண்கிறார்கள். பிறகு யாபோக்கு ஆற்றங்கரையில், அந்த இரவில், யாக்கோபோடு மற்போரிட்டவர் அவருடைய பெயரைக் கேட்கிறார். முன்பு தந்தை, நீ யார் என்று கேட்டபோது ஏசா என்று சொன்னவர், இப்போது யாக்கோபு என்கிறார். ஏமாற்றுக்காரன் என்று அண்ணன் பழித்த அதே பெயர். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இஸ்ரயேல் என்னும் புதுப் பெயர் கிடைக்கிறது. மறுநாள், கொல்வதாகச் சொல்லியிருந்த அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறார்.

எனக்கு அந்த ஆற்றங்கரை ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம். அம்மா உள்ளே படுத்திருந்தார். "அண்ணே, பத்திரம் என்கிட்டதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் மறைச்சேன்" என்றேன். அண்ணன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வா, அம்மா உன்னையத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

பாம்பைப் போல் விவேகமும் புறாவைப் போல் கபடற்ற உள்ளமும் வேண்டும் என்றார் ஆண்டவர். முதல் பாதியை நாம் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறோம். இந்த வாரம் இரண்டாம் பாதிக்கு முயல்வோம். உங்களுக்கும் யாரோ ஒருவருக்கும் இடையே இப்படியோர் ஆட்டம் நடக்கிறதா? அடுத்த காய் எதை நகர்த்தலாம் என்று யோசிக்குமுன், நடுவில் நிற்பவர் யார் என்று ஒருமுறை பாருங்கள். பிறகு ஒளித்து வைத்திருப்பதை எடுத்து வெளியே வையுங்கள். முதலில் வைப்பவர் தோற்றவர் அல்லர்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.