விதைக்கு விட்ட காய்

மரக்காணம் உப்பளங்களை விட்டுத் தெற்கே வந்தால், கழுவேலி ஏரியைத் தாண்டியதும் நிலம் மேடாகும், மண் சிவக்கும். ஆரோவில் அந்தச் செம்மண் மேட்டில்தான் இருக்கிறது. 1968-ல் அந்த நகரம் தொடங்கியபோது அங்கே நிழலுக்கு ஒதுங்கவே மரம் அரிது. ஐப்பசி, கார்த்திகை மழை மேல்மண்ணை அரித்து ஓடை வழியே கடலில் சேர்த்துவிட்டிருந்தது.

அப்படிச் சரளை மட்டும் மிஞ்சிய ஓர் இடத்தில், 1990-களில், தீபிகா குண்டாஜியும் பெர்னார்ட் டெக்லெர்க்கும் 'பெபிள் கார்டன்' என்ற தோட்டத்தைத் தொடங்கினார்கள். வண்டி வண்டியாக வண்டல் வாங்கிக் கொட்டவில்லை. அங்கேயே மரம் வளர்த்து, அதன் தழையையும் கரித்தூளையும் போட்டுப் பாத்திக்கு மண்ணை உண்டாக்கினார்கள். நாட்டுக் காய்கறிகளில் எண்பது, தொண்ணூறு வகை விதைகளைக் காத்துவருகிறார்கள். தீபிகாவுக்கு மத்திய அரசின் நாரி சக்தி விருது கிடைத்தது இந்தப் பணிக்காகத்தான்.

வீட்டுத் தோட்டத்தை எடைபோட இந்தப் பணியிலிருந்து எனக்குக் கிடைத்த அளவுகோல் இதுதான். எத்தனை கிலோ காய்த்தது என்று பார்ப்பதைவிட, அடுத்த பட்டத்துக்கு விதை நம் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதை ஒரு பட்டம் நன்றாகக் காய்க்கும். அதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது. மறுபடி கடைக்குத்தான் போக வேண்டும்.

விதை எடுப்பது சுலபமில்லை. நல்ல கத்தரிக்காயைப் பறிக்காமல் செடியிலேயே மஞ்சளாகும்வரை விட மனசு வர வேண்டும். வெண்டையை வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய் பிடித்துக்கொள்ளும். மிளகாயை மாவுப்பூச்சி மொய்க்கும். அவற்றிலெல்லாம் தப்பிய செடியைத்தான் விதைக்கு விடுகிறோம். அதைக் கண்டுகொள்ளவே தினமும் தோட்டத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

பூசணி இன்னும் நுட்பம். பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். பக்கத்து வீட்டுப் பூசணியின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிட்டால் விதை கலப்பாகிவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் பெண் பூவையும் ஆண் பூவையும் முந்தின மாலையே நூலால் கட்டிவைக்க வேண்டும். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ. காலையில் ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, திரும்பக் கட்டிவிட வேண்டும். நாலைந்து நாளில் பிஞ்சு வெம்பாமல் பருத்துவிட்டால், காம்பில் ஒரு கயிற்றைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொள்ளலாம். அந்தப் பிஞ்சு பருத்திருப்பதைப் பார்க்கிற காலை இருக்கிறதே, கூடை நிறையக் காய் பறித்தாலும் அந்தச் சந்தோஷம் வராது!

2011 டிசம்பரில் தானே புயல், 2024-ல் ஃபெஞ்சல் என்று இந்தக் கடற்கரை அடி வாங்கிக்கொண்டே இருக்கிறது. தோட்டமே போனாலும், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்த ஒரு பிடி விதை திரும்பக் கிடைக்கும். விதையைப் பங்கிட்டு வைப்பதும் விதை காக்கும் கலையைச் சேர்ந்ததுதான்.

வரும் ஆடிப் பட்டத்தில் அவரையும் சுரையும் போடுகிறவர்கள், முதல் காயையும் கடைசிக் காயையும் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நடுக் காய்ப்பில் திடமான காயை விதைக்கு விடுங்கள். சுரைக்காய் கொடியிலேயே முற்றட்டும். குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். அவரை விதையை நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வைத்தால் வண்டு அண்டாது.